எந்தச் சட்டம், எத்தனை நாள்?

2018 பெப்ரவரி 26 இரவு, இலங்கையின் கிழக்கில் அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடைக்கு வந்த சிங்களவர் சிலர், கறிக்குள் மலட்டு மருந்து கிடக்கிறது என்று சத்தம் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கடை நொறுங்கியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தால் அந்த ‘மருந்து’ வெறும் மாக்கட்டி. கைதானவர்கள் சில நாட்களிலேயே பிணையில் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் மே மாதம், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மஹியங்கனைக்குக் கிட்ட ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கப்பல் சுக்கான் படம் அச்சடித்த உடுப்போடு வெளியே போனார். பொலிஸ் கண்ணுக்கு அது பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரமாகத் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்துவிட்டுத்தான் அவர் வெளியே வந்தார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீதவான்களைக் குறை சொல்லத்தான் முதலில் தோன்றும். ஆனால் வித்தியாசம் அதற்கு முந்திய படியில் இருக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைக்காக வந்தது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம்; அந்த உடன்படிக்கையின் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து எல்லோரும் அதை ஐ.சி.சி.பி.ஆர் சட்டம் என்றே சொல்வார்கள். இன, மத வெறுப்பைத் தூண்டுவதை அதன் 3 ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அந்தப் பிரிவை எழுதிவிட்டால் நீதவானுக்குப் பிணை கொடுக்கும் அதிகாரம் இல்லை. மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அங்கேயும் விசேட காரணம் காட்ட வேண்டும். அம்பாறையில் பள்ளிவாசலைத் தாக்கியவர்களுக்கு அந்தப் பிரிவு எழுதப்படவில்லை. ஹசலகவில் உடுப்புக்கு எழுதப்பட்டது.

கிழக்கில் குற்றவியல் நீதியின் ஏற்றத்தாழ்வு பற்றிப் பேச்சு வந்தால் பலரும் தீர்ப்புகளையே பிடித்துக்கொள்கிறார்கள். என் கணிப்பில், தீர்ப்பு வருவதற்கு வெகு முன்னரே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது. எந்தச் சட்டத்தில் ஒருவர் மாட்டுவார் என்பதில் அவருடைய இனத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மாட்டியபிறகு எத்தனை நாள் உள்ளே இருப்பார் என்பதைக் காசு தீர்மானிக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டக்களப்பிலேயே உலகம் அறிந்த ஒரு வழக்கு உண்டு. அதற்கு வருகிறேன்.

முதல் 24 மணித்தியாலம்

கைது செய்த ஒருவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. அன்றைக்குப் பொலிஸ் கையில் கொண்டுபோவது பீ அறிக்கை. சம்பவம் என்ன, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். சாதாரணக் களவு, அடிபிடி என்றால் நீதவானே பிணையைத் தீர்மானிப்பார். ஐ.சி.சி.பி.ஆர் என்றால் மேல் நீதிமன்றம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் போதைப்பொருள் என்றால் கொழும்பில் இருக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றம். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் அது வேறு உலகம். ஆக, பொலிஸ் நிலைய மேசையில் எழுதப்படும் ஒரு பிரிவு எண்தான் ஒருவர் தட்ட வேண்டிய கதவு வாழைச்சேனையில் இருக்கிறதா, கொழும்பில் இருக்கிறதா என்று முடிவுசெய்கிறது.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் மூன்று வருடத்துக்கு மட்டும் என்று வந்தது. 1982 இல் நிரந்தரமானது. அமைச்சர் ஒப்பமிடும் தடுப்புக் காவல் உத்தரவில் 18 மாதம்வரை குற்றச்சாட்டே இல்லாமல் வைத்திருக்கலாம் என்பது பழைய நிலை. 2022 திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது. அதே திருத்தம், 12 மாதமாகியும் விளக்கம் (நீதிமன்றத்தில் வழக்கு விசாரணை) தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் பிணை கேட்கலாம் என்றும் சொல்கிறது. குறைத்தது நல்லதுதான். ஆனாலும் ஒரு வருடம் என்பது வயல் செய்கிற குடும்பத்துக்கு ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும்.

இந்தச் சட்டத்தின் உண்மையான பல் 16 ஆம் பிரிவில் இருக்கிறது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவுப்படி, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை ஒருவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. கொலைச் சந்தேக நபருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மாட்டியவருக்கு இல்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும். அது அடித்து வாங்கியது என்றால், அடித்தார்கள் என்பதைக் கைதிதான் காட்ட வேண்டும். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

இது தமிழருக்கு மட்டும் பாய்ந்த சட்டம் என்று சொல்வதில் நியாயம் இல்லை. ஜே.வி.பி. கிளர்ச்சி நடந்த 1987–89 காலத்தில் சிங்கள இளைஞர்களும் இதில் அள்ளப்பட்டார்கள். ஆட்சிக்கு எதிரான 2022 போராட்டத்துக்குப் பிறகு மாணவர் தலைவர் வசந்த முதலிகே இதில் மாதக்கணக்கில் இருந்தார். அப்போதுதான் தெற்கில் பலர் இந்தச் சட்டத்தை முதல்தடவை வாசித்தார்கள் போல இருந்தது. ஆனால் போர்க்காலம் முழுவதும் இதன் நிரந்தர வாடிக்கையாளர் தமிழ் இளைஞர்களே. 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் மற்ற இடங்களிலும் குண்டு வெடித்தபின் கை காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் திரும்பியது. தாக்குதல்காரர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் குடும்பங்களும் சந்தேகத்தின் நிழலில் இருந்தன. பழைய பக்கமும் மறக்கப்படவில்லை. 2021 மே 18 அன்று கல்குடா பொலிஸ் பிரிவில் கிரான் கடற்கரையில் போரில் இறந்தவர்களை நினைவுகூர்ந்த பத்துப் பேர் இதே சட்டத்தில் கைதானார்கள். பிணை கிடைத்தது டிசம்பரில்.

சிங்கராசா வழக்கு

1993 யூலையில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு கிராமத்தைப் படையினர் சுற்றிவளைத்து, ஏறக்குறைய 150 தமிழ் ஆண்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் நல்லரத்தினம் சிங்கராசா. மாதக்கணக்கான தடுப்புக்குப் பிறகு அவருடைய ‘ஒப்புதல் வாக்குமூலம்’ பதிவானது. வாக்குமூலம் சிங்களத்தில், அவருக்குச் சிங்களம் தெரியாது. அவருக்கு மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். எழுதி முடித்ததற்கு அவர் வைத்தது கைநாட்டு.

யாழ்ப்பாணக் கோட்டை, ஆனையிறவு போன்ற முகாம்கள்மீது நடந்த தாக்குதல்களில் பங்கு என்பது குற்றச்சாட்டு. வழக்கில் சாட்சியம் என்று இருந்தது அந்த ஒப்புதல் மட்டும்தான். முதுகில் தழும்புகளும் ஒரு கண்ணில் பார்வையைப் பாதித்த காயமும் இருப்பதாக மருத்துவ அறிக்கை சொன்னது. ஒப்புதல் வற்புறுத்தி வாங்கப்பட்டது என்பதை அவர் நிரூபிக்கவில்லை என்று நீதிமன்றம் கருதியது; 16 ஆம் பிரிவு அப்படித்தான் வேலை செய்யும். 1995 இல் மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை விதித்தது. 1999 இல் மேன்முறையீட்டில் அது 35 ஆகக் குறைந்தது.

2004 யூலையில் ஐ.நா. மனித உரிமைகள் குழு, நியாயமான விசாரணைக்கான அவருடைய உரிமை மீறப்பட்டது என்று முடிவு சொன்னது. அடித்தார்கள் என்று கைதியே நிரூபிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும், பொலிஸ்காரரே மொழிபெயர்த்ததையும் குழு குறிப்பாகச் சுட்டியது. அந்த முடிவோடு அவருடைய சட்டத்தரணிகள் திரும்ப உயர் நீதிமன்றம் போனார்கள். 2006 செப்டெம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு கதவை அடைத்தது: தனிநபர் முறையிட வழிசெய்யும் அந்த ஐ.நா. நெறிமுறையில் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண், ஆகவே குழு சொன்னதற்கு இங்கே பெறுமதி இல்லை.

சட்டக் கல்லூரியில் இந்த வழக்கைச் சர்வதேசச் சட்டப் பாடமாகப் படிப்பிக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தக் கைநாட்டுத்தான். அந்த மேசையில் ஒரு சட்டத்தரணியோ, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஓர் உறவினரோ பக்கத்தில் இருந்திருந்தால் ஜெனிவாவரை போகவேண்டிய தேவையே வந்திருக்காது.

அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று நீதிமன்றங்களில் வழக்கு தமிழில்தான் நடக்கிறது, நீதவான்களும் தமிழ் பேசுபவர்கள். இதைப் பார்த்துவிட்டு மொழிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இரண்டு முனைகளை மறந்துவிடுகிறார்கள். பொலிஸ் படையின் மிகப் பெரும்பகுதி சிங்களம் பேசுபவர்கள். இரவு நேரத்தில் முறைப்பாட்டை யார் எழுதுகிறார் என்பது அதிர்ஷ்டம். நிலையங்களில் 24 மணிநேரமும் இருமொழி தெரிந்தவர் இருக்க வேண்டும் என்று 2011 இல் நல்லிணக்க ஆணைக்குழு எழுதிவைத்தது. மற்ற முனை கொழும்பு. குற்றப் பத்திரிகை வருவது சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து; மேன்முறையீடு போவதும் அங்கே. தமிழில் நடந்த விளக்கத்தின் பதிவுகள் மொழிபெயர்ப்புக்காகக் காத்துக்கிடக்கும்போது ஆளும் உள்ளே காத்துக்கிடக்கிறார்.

பிணை கிடைத்தும் போக முடியாதவர்கள்

இனி இனத்தைக் கொஞ்சம் தள்ளிவைப்போம். பிணை கொடுப்பது விதி, மறுப்பது விலக்கு என்கிறது 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம். வாசிக்க அருமையான வசனம். நடைமுறையில் பிணை உத்தரவு வந்த பிறகுதான் ஏழைக்குச் சோதனை தொடங்குகிறது.

வாழைச்சேனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ நீதவான் நீதிமன்ற வாசலில் எந்த வேலைநாளில் நின்றாலும் இதைக் காணலாம். கடைப் பை ஒன்றுக்குள் அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் வதிவிடச் சான்று, அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம். அதோடு இரண்டு சரீரப் பிணையாளிகள். நிரந்தர வருமானம் உள்ள ஆள் வேண்டும் என்று நிபந்தனை போட்டால் தோணி வலிக்கிறவருடைய தம்பியும் மேசன் கூலியும் செல்லாது. ஓர் ஆசிரியரோ அரச உத்தியோகத்தரோ வேண்டும். அவர்கள் ஏன் லீவு போட்டுவிட்டு இன்னொருவருடைய மகனுக்குக் கையெழுத்து வைக்க வர வேண்டும்? காகிதம் ஒன்று குறைந்தால், அல்லது மேலொப்பம் போடுபவர் கூட்டத்துக்குப் போயிருந்தால், பிணை கிடைத்த ஆள் அன்றும் பின்னேர சிறை வண்டியில்தான் ஏறுவார். அப்புறம் வார இறுதி வந்துவிடும்.

2016 வீட்டு வருமானச் செலவுக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 4.1. மட்டக்களப்பில் 11.3. அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆற்றைக் கடந்தால் போதும். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருப்பவருக்கு நீதிமன்றம் ஒரு பஸ் தூரம். மேற்குக் கரையில் மண்டூர்ப் பக்கத்து ஆள் களுவாஞ்சிக்குடிக்குத் தவணைக்கு வருவதென்றால் குருமண்வெளித் துறையில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏற வேண்டும். வாகரை உட்பகுதியில் இருந்து வாழைச்சேனைக்கு வர அதிகாலை பஸ்ஸைத் தவறவிட்டால் சரி, அன்றைய தவணை போச்சு. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் பிடியாணை. பிடியாணையில் பிடிபட்டவருக்கு மறுபடி பிணை கேட்கும்போது, ‘ஏற்கெனவே நீதிமன்றத்தைத் தவிர்த்தவர்’ என்ற பெயரும் சேர்ந்துவிடும். பஸ் பிந்தியது என்று அந்தப் பத்திரத்தில் எழுத இடம் இல்லை.

தண்டப்பணம் இன்னொன்று. கசிப்பு, அதாவது களவாகக் காய்ச்சிய சாராயம், விற்ற பெண்ணுக்கு 50,000 ரூபா தண்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொந்தராத்துக்காரருக்கு அது கையில் இருந்து எடுத்துக் கொடுக்கிற காசு. நாளுக்கு 2,500 ரூபா கூலி கிடைக்கிற வீட்டுக்கு, சோறு தண்ணீர் இல்லாமல் இருபது நாள் உழைப்பு. கட்ட முடியாவிட்டால் சிறை. சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரங்கள் வருடா வருடம் காட்டுவது இதைத்தான்: தண்டனை பெற்று உள்ளே வருபவர்களில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட முடியாமல் வருபவர்கள். நீதிமன்றம் அவர்களுக்குச் சிறைத் தண்டனை விதிக்கவே இல்லை. குறைவது காசு மட்டுமே.

போதைப்பொருள் வழக்குகளில் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். பிடிபட்ட பொருள் என்ன, அதில் சுத்தமான அளவு எவ்வளவு என்று இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை வரும்வரை வழக்கு நகராது. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கில் கைதுகள் நடந்தபோது, பொட்டலம் வைத்திருந்த பாவனையாளர்களே அதிகம் சிக்கினார்கள். கொண்டுவந்து இறக்கியவர்களுக்கு நல்ல சட்டத்தரணி இருக்கிறார். மணல் வழக்கிலும் இதே கதைதான். பிடிபடுவது டிப்பர் சாரதி. அனுமதிப் பத்திரம் யார் பெயரில், மணல் யாருடைய கட்டடத்துக்கு என்பதெல்லாம் பீ அறிக்கைக்குள் வருவது அபூர்வம்.

பிணை, தண்டம் என்ற இந்த விடயத்தில், மட்டக்களப்பு நகரத்து வசதியான தமிழருக்கு இருக்கும் வாய்ப்பு அம்பாறை மாவட்டத்து மகாஓயாவிலோ தெஹியத்தகண்டியவிலோ சேனை செய்யும் சிங்களவருக்கு இல்லை. இதை நம்முடைய ஆட்கள் ஒத்துக்கொள்ளத் தயங்குவதுண்டு. பிணையாளி கிடைக்காத துன்பத்துக்கு இனம் கிடையாது. ஆனால் அந்தச் சேனைக்காரருக்குத் தன் வாக்குமூலத்தை வாசிக்கத் தெரியும், தன்னைக் கைது செய்தவரோடு பேசத் தெரியும். ஏழையான தமிழருக்கும் முஸ்லிமுக்கும் அதுவும் இல்லை.

முறைப்பாட்டாளராக நிற்கும்போது

இதுவரை சொன்னது கூண்டில் நிற்பவர் பற்றி. இதே மக்கள் மறுபக்கம், பாதிக்கப்பட்டவராக வந்தால் என்ன நடக்கிறது?

1992 ஆகஸ்ட் 9 அன்று மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலந்தனையில் பெண்கள், பிள்ளைகள் உட்பட 35 தமிழர் கொல்லப்பட்டார்கள். இராணுவத்தினர் கைதானார்கள், அடையாள அணிவகுப்பும் நடந்தது. அந்த அளவுக்குப் போன வழக்குகளே அந்தக் காலத்தில் குறைவு. ஆனால் வழக்கு மட்டக்களப்பில் நிற்கவில்லை. பொலன்னறுவைக்குப் போனது, பிறகு கொழும்பு மேல் நீதிமன்றத்துக்குப் போனது. சாட்சிகள், உறவுகளை இழந்து இடம்பெயர்ந்த கிராமத்தவர்கள், போர்க்காலச் சோதனைச் சாவடிகள் ஊடாக அங்கெல்லாம் போய்வர வேண்டியிருந்தது. ஜூரி எந்த மொழி பேசுபவர்களாக இருக்க வேண்டும் என்று தெரிவுசெய்யும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. சிங்களம் பேசும் ஜூரி அமர்ந்தது. 2002 நவம்பரில் இராணுவத்தினர் விடுதலையானார்கள்.

மற்றவற்றில் வழக்கே இல்லை. 1990 செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான் படுகொலையை ஓர் ஆணைக்குழு விசாரித்தது, பொறுப்பான அதிகாரிகளைப் பெயர் சொல்லியும் குறிப்பிட்டது. யாரும் நீதிமன்றம் ஏற்றப்படவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 3 அன்று, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். அதற்காகவும் யாரும் தண்டிக்கப்படவில்லை. ஒரே மாவட்டத்து ஊர்கள். தங்கள் தங்கள் நினைவுநாளை அவை தனித்தனியாக அனுட்டிக்கின்றன.

கசிப்புப் பானையைத் தேடி எந்த ஒழுங்கைக்குள்ளும் வரத் தெரிந்த அதே பொலிஸ், இந்தக் கோப்புகளைத் தேடி வருவதில்லை. ஏழைகளுக்குச் சட்டம் கூடுதலாகவும் இருக்கிறது, குறைவாகவும் இருக்கிறது.

கையில் இருப்பவை

பெரிய மாற்றம், அதாவது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு போவது, கொழும்பில் நாடாளுமன்றத்தில் நடக்க வேண்டிய வேலை. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்துகொண்டு நாளைக்கே பயன்படுத்தக்கூடிய சில இருக்கின்றன. 1978 இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு இரண்டு இடத்திலும் அலுவலகம் உண்டு. வருமானம் குறைந்தவருக்குச் சட்டத்தரணி கிடைப்பார். 2012 விதிகளின்படி, பொலிஸ் நிலையத்துக்கே சட்டத்தரணி போய்த் தன் கட்சிக்காரருக்காகப் பேசலாம். மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாத, குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரச செலவில் ஒருவரை நியமிப்பார்கள். நீதவான் நீதிமன்றத்தில் அப்படி இல்லை. ஏழைகளின் வழக்குகளில் பெரும்பாலானவை முடிவதோ அங்கேதான்.

தண்டப்பணத்தைத் தவணை முறையில் கட்ட அனுமதி கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டப்படி, சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாகச் சமூக வேலை செய்யும் கட்டளையை நீதவான் பிறப்பிக்கலாம். வீட்டில் பால்குடிப் பிள்ளை இருக்கிறது என்றால் அதையும் சொல்லிக் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டிய நேரம், நீண்ட வழக்குப் பட்டியலுக்கு நடுவில் தன் பெயர் கூப்பிட்டுக் கூண்டில் ஏற்றிய அந்த இரண்டு நிமிடம். ‘ஏதாவது சொல்ல இருக்கிறதா’ என்று கேட்கும்போது பலர் தலையைக் குனிந்து ‘இல்லை ஐயா’ என்பார்கள். அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள்.